மச்சானின் வலது கை

என் மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் பார்த்தது நான்தான். இதை என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

பூலாம்பாடி ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் வண்டி சறுக்கி, வலது தோளில் ஆபரேஷன். (காயப்போட்டவனை ஊரே கேட்கத் திட்டித் தீர்த்தேன். காயப்போட்டவன் நான்தான்.) கையை மார்போடு சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்றாவது வாரம் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வீடு கீழப்பழுவூர், சகுனம் பார்க்கிற குடும்பம். நான் விழுந்தது தெரிந்தால் சம்பந்தமே வேண்டாம் என்று போய்விடுவார்களோ என்று பயந்தேன். மறைக்கலாம் என்றால், தாம்பூலத் தட்டை இடது கையாலா வாங்குவது?

"உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி செல்வி.

"நீ சும்மா இரு. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்."

(யோசித்ததுதான் வினை.)

அறை வாசலில் தொங்கிய ஸ்கிரீனை ஒட்டி என் நாற்காலி. என் மேல் சால்வை. ஸ்கிரீனுக்குப் பின்னால் செல்வியின் தம்பி முருகேசன் மண்டிபோட்டு, தன் வலது கையைச் சால்வைக்குள் விட்டு என் கையாக நீட்டுவான். நான் ஒரு தடவை செருமினால் நீட்ட வேண்டும், இரண்டு தடவை செருமினால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

"சித்திரை வெயில்ல சால்வையாங்க?" என்றார் சம்பந்தி.

"லேசா குளிர் காய்ச்சலுங்க."

தட்டு வந்தது. செருமினேன். என் இடது கையும் மச்சானின் வலது கையும் சேர்ந்து பவ்யமாக வாங்கின. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் என்னைப் போல் கெட்டிக்காரன் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா அந்தக் கையையே உற்றுப் பார்த்தார். முன்கையில் பச்சை குத்தியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மல்லிகா... உங்க வூட்டம்மா பேரு செல்விதானுங்களே? இது யாருங்க மல்லிகா?"

அடக் கடவுளே! (அந்தப் பச்சையை வைத்து மச்சானைப் பதினைந்து வருடமாகக் கேலி செய்பவன் நான். அன்றைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.) இரண்டு தடவை செருமப் போய், பதற்றத்தில் நிஜ இருமலே பிடித்துக்கொண்டது. கை உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு சம்பந்தி காலடியில் போய் நின்றது.

"நல்ல குடும்பம்னு நம்பி வந்தோம் பாருங்க. எந்திரிங்க, போவலாம்" என்று சம்பந்தியம்மா எழுந்தேவிட்டார். உள்ளே மகள் விசும்புவது கேட்டது.

என் தோளுக்கு மேலே முருகேசனின் தலை முளைத்தது.

"போயிடாதீங்கம்மா! மல்லிகா என் பொண்டாட்டிங்க!"

வெட்கத்தில் செத்தேன். சால்வையை விலக்கிக் கட்டைக் காட்டி, சோளத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிபட்டதுல என்னங்க சகுனம்? தட்டு வாங்குன ஆளுக்கு ரெண்டாவது தலை முளைச்சுதே, அதைத்தான் பயந்து பாத்தேன். எடது கையிலயே வாங்குங்க சம்பந்தி."

சம்பந்தியம்மா மட்டும் மல்லிகாவை வரவழைத்து, நேரில் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்து பேரனும் பிறந்தாயிற்று. என் தோளும் சரியாகிவிட்டது. ஆனாலும் கீழப்பழுவூரில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சம்பந்தியம்மா மறக்காமல் சொல்வார்: "அவரு வலது கைக்கும் ஒரு எலை போடுங்க."

முருகேசன் கொஞ்சமும் கூச்சப்படாமல் வந்து உட்கார்ந்துவிடுவான்.