தறித் தெருவில் சைரன்

இனி வீட்டில் ஒரு வேலையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சும்மா இல்லை, கௌரவமான காரணம். போர் வந்தால் சனங்களைக் காப்பாற்றும் ஒத்திகைக்கு சங்கரன்கோவிலில் எங்கள் தறித் தெருவுக்கு என்னை வார்டனாகப் போட்டிருந்தார்கள். மஞ்சள் கோட்டு, விசில், கையால் சுற்றுகிற சைரன்!

"தண்ணி வந்துட்டு. குடத்த எடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி சண்முகசுந்தரி.

"ஏட்டி, நாட்டக் காக்கப் போறவன்ட்ட குடத்த நீட்டுதியே?"

"நாடு நிக்கும். தண்ணி நின்னுரும்லா."

"நாளைக்கு ஒத்திகை ஒழுங்கா முடியட்டும். பொறவு நான் நிரந்தர வார்டன். குடத்தப் பக்கமே வரமாட்டேன்."

"சொதப்பிட்டா?"

"நீ சொல்லுத வேலையெல்லாம் பாக்கேன். போதுமா?"

மறுநாள் தாசில்தார் வந்தார். நான் சைரன் சுற்றினால் தெருவே கிளம்பிப் போய்க் கல்யாண மண்டபத்தில் பதுங்க வேண்டும். சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுற்றினேன். ஒரு பூனை மட்டும் எட்டிப் பார்த்தது.

வீட்டுக்கு வீடு விசைத்தறி. அது போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலே எங்களுக்குக் கேட்காது. இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

"இப்ப வந்துருவாங்க சார்!" என்று கத்தினேன். அவருக்கும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சண்முகசுந்தரி வெளியே வந்தாள். ஒத்திகைக்காக டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்ற லைன்மேன் சுயம்புலிங்கத்தின் காதுக்குப் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, லைன நிறுத்துங்க" என்றாள். அவர் டிரான்ஸ்பார்மரைக் கைகாட்டித் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் தலையாட்டினார்.

ஆத்தாடி! தறிகள் மொத்தமும் ஒரே சமயத்தில் நின்றன. கோயில் மணி எங்கள் தெரு வரைக்கும் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த நொடி எல்லாக் கதவும் திறந்தது. பிள்ளைகுட்டியோடு சனம் வாசலுக்கு வந்துவிட்டது.

"கரண்டு போயிட்டா? எப்ப வரும்?"

"தெரியல மதினி. மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுது. எல்லாரும் அங்கன வாங்க" என்றாள் சண்முகசுந்தரி.

போனார்கள்! வரிசையாகப் போனார்கள்! தாசில்தாரே பின்னால் போனார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்பேர்ப்பட்டவளிடமா இத்தனை வருஷம் குடத்துக்காகச் சண்டை போட்டேன்!

மண்டபத்தில் தாசில்தார் என் மஞ்சள் கோட்டைக் கழற்றச் சொல்லி அவளிடம் கொடுத்தார். விசிலும் போச்சு.

"அப்ப நான், சார்?"

"வார்டனைக் கேளுங்க."

சண்முகசுந்தரி யோசித்தாள். "அடுத்த ஒத்திகைக்கு ஸ்ட்ரெச்சர்ல தூக்க, அடிபட்ட ஆளு ஒண்ணு வேணும்லா? நீங்க படுத்துக்கிடுங்க."

படுக்கிற வேலை! சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவள் விசிலை ஒரு ஊது ஊதினாள்.

"ஆனா அடிபடுததுக்கு முன்னால தண்ணியப் பிடிச்சு வச்சிருங்க."