ஏத்து பாட்டில், எறக்கு பாட்டில்

ஏழு புள்ளி ரெண்டு. ஒரு புள்ளி ஏறக் கூடாது. ஒரு புள்ளி இறங்கக் கூடாது. முப்பது நாளைக்கு இதுதான் என் வாழ்க்கையின் லட்சியம் என்று போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடு ஹாலில் நின்று அறிவித்தேன்.

"மொதல்ல பல்லு தேய்ச்சிட்டு வா. அப்பால அறிவி," என்றாள் மரகதம்.

மரகதம் என் சம்சாரம். நான் பாண்டுரங்கன். சேரப்பணஞ்சேரியில் சொந்த வீடு. ஒரகடத்தில் காருக்கு பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில், தொடங்கின நாளிலிருந்து தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பம்பரைக் குளிப்பாட்டுவார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட என் கையெழுத்தில்லாமல் உள்ளே போகாது. ஆபீசில் எனக்கு அவ்வளவு மரியாதை. வீட்டில் மோட்டார் போடுவதற்கே பர்மிஷன் வாங்க வேண்டும்.

ஏழு புள்ளி ரெண்டு என்று நான் சொன்னது தண்ணீரின் பி.எச். புளிப்பா, சோடாவா என்று சொல்கிற கணக்கு அது. ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு. மேலே போனால் சோடா, அதாவது காரம். அதை நான் சபதமாக எடுத்ததற்குக் காரணம், எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் இசக்கிதுரை.

இசக்கிதுரைக்கு நாங்குநேரிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பாக்டரியில் லைன் சூப்பர்வைசர். பெண்சாதி பாண்டிச்செல்வி தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். இவரும் ஒரு மாசம் லீவு போட்டுவிட்டு, கால்வாசித் தண்ணீர் மட்டும் விட்ட கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். தொட்டிக்குள் ரெண்டு கோல்டு பிஷ். ஒன்றின் பெயர் தங்கம். இன்னொன்று பவுனு.

"மதினி, செல்விக்கு நாள் நெருங்கிட்டு. இந்த ரெண்டையும் உங்ககிட்ட விட்டுட்டுப் போவலாம்னு பாக்கேன். புள்ளையோட வரும்போது ரெண்டும் நீந்திக்கிட்டு இருக்கணும்னு அவ கண்ணு கலங்கிச் சொன்னா, பாத்துக்கிடுங்க. தண்ணிய மட்டும் முழுசா..."

நான் குறுக்கே பாய்ந்து தொட்டியை வாங்கினேன். "இசக்கி, தண்ணியப் பத்தி என் கைல சொல்றியா? தண்ணி என் டிபார்ட்மென்ட்டு!"

"ஆமாம்பா," என்றாள் மரகதம். "டாஸ்மாக் கடைல கேளு, அவனும் அதத்தான் சொல்லுவான்."

இசக்கிதுரை சிரிப்பை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினார். சபதம் பிறந்தது அப்போதுதான்.

"தொட்டி பக்கம் நீ வரக் கூடாது மரகதம். இது சயின்ஸு."

"ஒண்ணு செத்துப் போச்சின்னா?"

"அதுக்கப்பறம் நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"இப்ப மட்டும் கேக்காமயா கீற?"

முதல் வேலையாக மீன் ரெண்டையும் பக்கெட்டில் விட்டுவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தேன். பாசித் தண்ணீர் மொத்தமும் சாக்கடைக்குப் போனது. கூழாங்கல்லை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பில்டருக்குள் ஒரு ஸ்பாஞ்ச், பழைய கால்மிதி மாதிரி இருந்தது. குழாயடியில் உட்கார்ந்து அது வெள்ளை வெளேரென்று ஆகிறவரை பிழிந்தேன். பிறகு சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர், இருபது லிட்டர் கேன் மூன்று, ரோட்டுக் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்து ஊற்றினேன்.

"எனக்கு ஒரு கொடம் தூக்கினு வர சொன்னா இடுப்பு புடிச்சிக்கும். மீனுக்கு மூணு கேனா?"

விஞ்ஞானிகள் பதில் சொல்வதில்லை. பிரிட்ஜ் கதவில் சார்ட் ஒட்டினேன். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று கட்டம். மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட்டும் வாங்கி வைத்தேன். மஞ்சள் வந்தால் புளிப்பு, நீலம் வந்தால் சோடா, பச்சை வந்தால் பாண்டுரங்கன்.

மூணாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்தது. தங்கமும் பவுனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சொட்டு விட்டேன். மஞ்சள். நேராக அடுக்களைக்கு ஓடினேன்.

"ஆப்ப சோடா எங்கய்யா?" என்று சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குரல்.

"தொட்டில."

"மீனு ஆப்பம் கேட்டுச்சா?"

"பி.எச். எறங்கிடுச்சி. ஏத்தறேன்."

"ஆப்ப சோடாவ போட்டு அதுங்களுக்கு ஆப்பு வெச்சிடாத."

மறுநாள் நீலம், அதுவும் இங்க் பாட்டில் நீலம். ஏற்றினது அதிகம். இறக்க வேண்டும்.

"எலுமிச்சம்பழம் நாலு வெச்சிருந்தேன்?"

"பி.எச். ஏறிடுச்சி."

மரகதம் அடுக்களை வாசலில் வந்து நின்று தொட்டியைப் பார்த்தாள். "மீனு கீது. எலுமிச்சம்பழம் புழிஞ்சாச்சி. மொளகாத்தூளு ஒண்ணுதான் பாக்கி. எண்ண காய வெக்கவா?"

அவளுக்கு என்ன தெரியும்? நான் முறைப்படுத்தினேன். ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் ஒரு பாட்டிலில், அதன் மேல் 'ஏத்து' என்று எழுதினேன். எலுமிச்சைத் தண்ணீர் இன்னொரு பாட்டிலில், அதில் 'எறக்கு'. மஞ்சள் வந்தால் ஏத்து, நீலம் வந்தால் எறக்கு. ஒரே நாளில் நாலு தடவை ஏற்றி மூன்று தடவை இறக்கினேன். லிப்ட் ஆபரேட்டர்கூட இவ்வளவு வேலை பார்க்க மாட்டான்.

அஞ்சாம் நாள் மதியம், ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், தங்கம் அடியில் சாய்ந்து படுத்திருந்தது. செவுள் மட்டும் மெல்ல ஆடியது. சரியாக அப்போது பார்த்து இசக்கிதுரை போன்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? ரெண்டும் எப்படி இருக்கு?"

"ஜம்முனு கீதுங்க இசக்கி."

பின்னாலிருந்து பாண்டிச்செல்வியின் குரல் கேட்டது. "தங்கம் ஒழுங்கா தின்னுதான்னு கேளுங்க. அவ ஒரு மாதிரி கோவக்காரி, வேளைக்குப் போடலன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா."

மூஞ்சியைத் திருப்பவில்லை, உடம்பையே திருப்பிவிட்டாள் என்று எப்படிச் சொல்வேன்? நிறைமாசக்காரியிடம் பொய் சொன்னேன். "நல்லா தின்னுதும்மா." கம்பெனி பஸ்ஸில் வழி முழுக்க அந்தச் செவுள்தான் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வைத்துச் சோறு தின்கிறவன் நான். ஒரு தொட்டித் தண்ணீர் என் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பயந்துகொண்டே ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். தங்கம் நிமிர்ந்து நின்றது! சொட்டு விட்டேன். இலைப் பச்சை. ஏழு புள்ளி ரெண்டு.

அதற்கப்புறம் அசையவே இல்லை. ஏ ஷிப்டா, ஏழு புள்ளி ரெண்டு. பி ஷிப்டா, ஏழு புள்ளி ரெண்டு. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்தது. இருந்தாலும் நான் விடவில்லை. தினம் காலையில் ஏத்து பத்து சொட்டு, சாயங்காலம் எறக்கு பத்து சொட்டு. சமநிலை! பவுனு தொட்டியைச் சுற்றி ரேஸ் விட்டது.

பதினஞ்சு நாள் ஆனதும் படப்பை டீக்கடையில் சொற்பொழிவு ஆற்றினேன். கேன்டீனில் சார்ட்டைக் காட்டினேன். சார்ட் கைமாறிக் கைமாறி பிளான்ட் மேனேஜர் கோதண்டராமன் சார் மேஜைக்குப் போய்விட்டது.

"பாண்டுரங்கன், நம்ம ரிசப்ஷன் தொட்டியில மாசத்துக்கு ரெண்டு மீன் செத்துப்போகுது. ஜப்பான்லேர்ந்து விருந்தாளி வர்ற நாளா பாத்து மல்லாந்துடுது. நீங்க எப்படி செய்யறீங்கன்னு நேர்ல பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஹாலில் பிளாஸ்டிக் சேர் போட்டேன். என் முறையைப் பத்து நிமிஷம் விளக்கினேன். பக்கத்தில் மரகதம் காபித் தட்டோடு சாதுவாக நின்றாள். அவள் சாதுவாக நிற்கும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இப்ப பாருங்க சார்," என்று கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்தேன். டெஸ்ட் மருந்து விட்டேன். பச்சை. "இதுல ஏத்து பத்து சொட்டு விடறேன். அப்படியே நீலமாகும்."

விட்டேன். பச்சை.

"கொஞ்சம் டைம் எடுக்கும் சார்." இன்னும் இருபது சொட்டு. பச்சை. மூடியைக் கழற்றி அரை பாட்டிலைக் கவிழ்த்தேன். வெளிறின பச்சை.

"எறக்கு பாருங்க சார், அது நல்லா வேல செய்யும்!" இன்னொரு தம்ளர். மஞ்சள் வரவில்லை. சார் அந்த பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

"வெறும் தண்ணி பாண்டுரங்கன்."

"இருக்காது சார்!"

"தண்ணிதான் சார்," என்றாள் மரகதம். "எங்க வூட்டு போர் தண்ணி. வாசனைக்கு எறக்குல மட்டும் ஒரு துண்டு எலுமிச்ச தோலு போட்டேன்."

எனக்கு மின்விசிறி நின்ற மாதிரி வேர்த்தது.

"மரகதம்! எப்பலேர்ந்து?"

"தங்கம் படுத்துகிச்சே, அன்னிக்கி. நீ ஷிப்டுக்கு போனதும் இசக்கி தம்பிக்கு போன் போட்டேன். மாத்தி மாத்தி எதையும் ஊத்தாதீங்க மதினி, பக்கெட்டுல ஒரு நாள் புடிச்சி வெச்ச போர் தண்ணி, தெனம் ஒரு கொடம் எடுத்துட்டு ஒரு கொடம் ஊத்துங்கன்னாரு. ஸ்பாஞ்ச கொழாயில கழுவாதீங்க, வெளிய எடுத்த தொட்டி தண்ணியிலயே அலசுங்கன்னாரு. அதத்தான் செஞ்சேன்."

"அந்த அழுக்கு ஸ்பாஞ்சையா?"

"அது அழுக்கு இல்லய்யா. ஒற மோரு! கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுல கீது. மீனு கழிச்சத அதுதான் தின்னு தீக்குது. நீ ஒற மோர சாக்கடைல கொட்டிட்டு, பாலு ஏன் தோயலன்னு எலுமிச்சம்பழம் புழிஞ்சினு கீற. அது திரிஞ்சிதான் போச்சி."

கோதண்டராமன் சார் காபியை உறிஞ்சுவதை நிறுத்தினார். "ஏம்மா, ஆர்.ஓ. தண்ணி சுத்தமானதுதானே?"

"ரொம்ப சுத்தம் சார். அதான் கஷ்டம். நம்ம போர் தண்ணியில உப்பு கீது, பி.எச்.ச அதுதான் கெட்டியா புடிச்சிக்கும். ஆர்.ஓ.ல புடிச்சிக்க ஒண்ணுமில்ல. ஒரு சொட்டுக்கே ஆடும். எங்க வூட்டுக்காரரு மாதிரி."

சார் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "பாண்டுரங்கன், நம்ம ரிசப்ஷன் தொட்டிக்குத் தண்ணி எங்கேர்ந்து போகுது?"

"என் ஆர்.ஓ. பிளான்ட்லேர்ந்து சார்."

"ஸ்பாஞ்ச கழுவறது?"

"வாரா வாரம் நானே... பளிச்சுன்னு, சார்."

கம்பெனிக்கே தண்ணீர் கொடுக்கிறவன் நான். எனக்கே ஒருத்தி தண்ணி காட்டியிருக்கிறாள். அதுவும் பதினஞ்சு நாளாக, என் கையெழுத்துப் போட்ட பாட்டிலில்!

"நீங்களே வந்து அந்தத் தொட்டியப் பாத்துக்க முடியுமாம்மா? வாரத்துக்கு ஒரு நாள் போதும்," என்றார் சார்.

"வரேன் சார். ஆனா எங்க வூட்டு தண்ணிதான் ஊத்துவேன். கேன் தூக்க ஒரு ஆளு வேணும்."

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மாசக் கடைசியில் இசக்கிதுரை வந்து சேர்ந்தார். பொம்பளப்புள்ளை. பாண்டிச்செல்வி குழந்தையை மரகதம் கையில் கொடுத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய்க் கண்ணாடியில் விரலை வைத்தாள். தங்கம் வந்து அந்த விரலுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தது. "ஏட்டி, கொழுத்துட்டியே!" என்று அவள் சிரித்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அவள் திரும்பி என் கையைப் பிடித்து, "அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி" என்றாள். மரகதம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கவில்லை என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. விட்டுக்கொடுத்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம், என் வார லீவு நாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு மரகதம் முன்னால் நடந்தாள். தோளில் இருபது லிட்டர் போர் தண்ணீரோடு நான் பின்னால். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி இராமச்சந்திரன் அவளுக்கு சல்யூட் அடித்து விசிட்டர் பேட்ஜ் கொடுத்தார். எனக்குக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அண்ணே, இன்னிக்கு நீங்க டூட்டில இல்ல. பேர் ஏத்த முடியாது. கேனோட சேத்து மெட்டீரியல் நோட்டுல எழுதிக்கறேன்."

உள்ளே போகிற எந்தச் சாமானும் திரும்பி வெளியே வருமா, வராதா என்று அந்த நோட்டில் எழுதியாக வேண்டும். அவர் பேனாவைத் திறந்துகொண்டு மரகதத்திடம் கேட்டார்.

"மேடம், இதுல எது ரிட்டர்ன்?"

மரகதம் கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கேன் கண்டிப்பா திரும்பி வரணும்பா. இன்னொண்ணு உங்க இஷ்டம்."