மிஞ்சிய தீர்த்தம்

"என்னடி இது, ஒரு மாதிரி நாத்தம் அடிக்கறதே?"

மாமியார் குமுதவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அங்கே மூன்று கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் தோலுரித்த வெங்காயம் ஒன்று, அடிப்பாகம் மட்டும் நனையும்படி உட்கார்ந்திருந்தது. வெங்காயம் வாசப்படி தாண்டாத சின்ன காஞ்சிபுரத்து வீடு அது. கருடசேவைக்குக் கல்லூரியைப் பூட்டிவிட்டதால் ஸிந்துஜா தன் ஆய்வை வீட்டுக்கே சுமந்து வந்திருந்தாள்.

"சம்பங்கிக் கிழங்கும்மா" என்று புளுகினாள்.

"பெருமாளுக்கா?" மாமியாரின் முகம் மலர்ந்தது. மருமகள் அவசரமாகத் தலையாட்டினாள்.

முதல் டம்ளரில் நல்ல தண்ணீர். நடு டம்ளரில் சாயப்பட்டறைக் கழிவுநீர். அதில் வளரும் வேரின் குரோமோசோம்கள் உடைந்து நொறுங்கும். மூன்றாவதில் அதே கழிவுநீரோடு கீழாநெல்லிச் சாறு; அது குரோமோசோம்களைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றாவிட்டால் ஸிந்துஜாவின் முனைவர் பட்டம் அவ்வளவுதான். வழிகாட்டிப் பேராசிரியை மெஹதாப் "இதாம்மா கடைசி சான்ஸ்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

விடுமுறை முடிந்து வேர்நுனிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தலைகீழாக இருந்தது. கீழாநெல்லி ஊற்றிய டம்ளர் வேரில் குரோமோசோம்கள் நொறுங்கிக் கிடந்தன. நொறுங்கியிருக்க வேண்டிய நடு டம்ளர் வேர் கொழுக்மொழுக்கென்று இருந்தது.

"யாரோ கை வெச்சிருக்காங்கம்மா" என்றார் மெஹதாப்.

ஸிந்துஜா வீட்டில் விசாரித்தாள். குமுதவல்லி மறைக்கவே இல்லை.

"நான்தான் தெனம் தீர்த்தம் ஊத்தினேன். நடுவுல இருந்தது சோனியா இருந்துதே, பாவம்! எல்லாரும் சாப்ட்டு மிஞ்சற தீர்த்தத்தைக் கால்படாம செடிக்குத்தானே சேக்கணும்?"

மறுநாள் கல்லூரியில் இதைக் கேட்டதும் மெஹதாப் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தீர்த்தம்னா துளசி, ஏலக்காய், பச்சைக் கற்பூரம்! அடிச்சதும்மா லக்கு! கீழாநெல்லியை விடு, இதை டெஸ்ட் பண்ணு."

ஸிந்துஜா புதிதாகத் தீர்த்தம் தயாரித்துக் கழிவுநீரில் ஊற்றிப் பார்த்தாள், வேர் நொறுங்கியது. கோயிலில் கேட்டு வாங்கி வந்து ஊற்றினாள், அதுவும் நொறுங்கியது. துளசியை இரண்டு பங்காக்கினாள், வெங்காயமே அழுகிப்போனது.

"நோக்கு சிரத்தை போறாது" என்றார் மாமியார்.

ஸிந்துஜாவுக்கு அழுகை வந்தது. கடைசியில் மெஹதாப்பே வீட்டுக்கு வந்துவிட்டார். "எந்தப் பாத்திரத்துலேர்ந்து ஊத்தினீங்களோ, அதை அப்பிடியே குடுங்கம்மா."

மிஞ்சும் தீர்த்தத்தை ஊற்றிவைக்கும், பூஜையறை மூலையிலிருந்த பித்தளைச் சொம்பு வந்தது. அதிலிருந்ததைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஒரு வேர்கூட உடையவில்லை! மறுபடி செய்தார்கள். மறுபடியும் உடையவில்லை!

மெஹதாப் இனிப்புப் பெட்டியும் கேமராவுமாக வீட்டுக்கு ஓடிவந்தார். "உங்க வீட்டுத் தீர்த்தம் வெங்காயத்தையே காப்பாத்திருச்சும்மா!"

ஸிந்துஜா சம்பங்கிப் பொய்யை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெங்காயமா?" குமுதவல்லி கண்ணை உருட்டினார். பிறகு மெஹதாப்பின் கையிலிருந்த கேமராவைப் பார்த்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "தீர்த்தம் பட்டாச்சோல்லியோ, தோஷமெல்லாம் போயிடுத்து. போட்டோவுக்கு இப்படி நிக்கட்டுமா?"

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் கையில் கிண்ணத்தோடு வாசலில் கூடினார்கள். குமுதவல்லி சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி உற்சவர் போலப் புறப்பட்டார். ஸிந்துஜா மடிக்கணினியைத் திறந்து ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் 'தீர்த்தம்' என்று தட்டினாள். பட்டம் கைக்கு வந்துவிட்டது போல மனசு துள்ளியது.

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் சக்ரவர்த்தி, வாசலையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மருமகளின் காதருகே குனிந்தார்.

"தலைப்பை மாத்திடும்மா. சக்கரைக்குன்னு உன் மாமியார் தெனம் ஒரு சீந்தில்கொடிக் கஷாயம் குடுப்பாளே, கசப்பு தாங்காம அதை நான் அந்தச் சொம்புலதான் கொட்டிண்டிருக்கேன்."