விறகு விற்க மனசில்லாத விறகுக்கடைக்காரர்

வாங்க வந்தவரைத் திட்டித் திருப்பி அனுப்பிய ஒரே வியாபாரி இந்த உலகத்தில் எங்கள் மயிலாப்பூர் 'போதும்காரர்'தான். தொண்ணூறுகளில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் விறகுத் தொட்டி வைத்திருந்தார். தராசில் கட்டை ஏறும்போதே "போதும், போதும்" என்று பதறுவார். அதுவே பேராகிவிட்டது.

நான் அப்போது வீட்டு வாசலில் இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். விறகு கேட்டால் முதலில் விசாரணை நடக்கும்.

"இட்லிம்மா, நேத்து வாங்கினது இன்னா ஆச்சு?"

"எரிஞ்சு போச்சுங்க."

"அடுப்புல சொருகிட்டு ஊர்க்கதை பேசிக்கினு இருந்திருப்பே!"

நானா கதை பேசுகிறவள்? நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாயே வராது.

எல்லாம் அவர் ரேடியோவில் கேட்டதால் வந்த வினை. காட்டை அழித்து எரிக்கிற புகையும் ஆலைப் புகையும் வானத்திலேயே தங்கிப் பூமியைச் சூடாக்குகிறதாம். விறகுக்கடைக்காரர் கேட்க வேண்டிய சேதியா அது? அன்றிலிருந்து சவுக்குக் கட்டைகள் மேல் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்தார். சில நாள் ஒரு கட்டையில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"இங்க வா இட்லிம்மா. தோப்புல காத்து அடிச்ச சத்தம் இன்னும் உள்ள கீது."

நானும் காதை வைப்பேன். எனக்கும் கேட்கிற மாதிரித்தான் இருக்கும். மெயின் ரோட்டு பஸ் சத்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

பக்கத்துத் தெரு பேக்கரிதான் அவருடைய பெரிய வாடிக்கை. அதன் புகைபோக்கி கறுப்பாய்க் கக்கினால் வாசலில் போய் நின்று கத்துவார்.

"யோவ், ஈரக் கட்டையை ஏன்யா உள்ள தள்றே?"

"வித்தது நீதானய்யா!"

"வித்தேன். எரிக்கச் சொன்னேனா?"

பேக்கரிக்காரர் நொந்துபோய் கேஸ் அடுப்புக்கு மாறினார். போதும்காரருக்குப் பாதி வியாபாரம் போயிற்று. இவரோ அதே பேக்கரியில் பன் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். "புகை கீதா பாரு!" என்று எல்லாரையும் மேலே பார்க்க வைத்தார்.

வீடு வீடாய் கேஸ் வந்தது. என் வீட்டுக்கும் வந்தது. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. விறகு வாங்காவிட்டால் அந்தச் சந்துக்குள் போக எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? புருஷன் இல்லாதவள் சும்மா போய் நின்றால் தெரு என்ன பேசும்? யாரிடமும் சொல்லாமல் வழக்கம்போல விறகு வாங்கிவந்து கட்டிலுக்கடியில் அடுக்கினேன். அங்கே இடம் தீர்ந்ததும் பீரோவுக்குப் பின்னால்.

ஒருநாள் காலையில் இட்லி வாங்க அவரே வந்துவிட்டார். கூரைக்கு மேலே பார்த்தார். புகை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். கேஸ் நீலமாய் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் அவர் கடைக் கட்டைகள் அப்படியே கிடந்தன.

"எரிக்காத விறகை எதுக்கு வாங்கினே?"

நான் இட்லித் தட்டைத் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன்.

அவர் கட்டிலுக்கடியில் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சும்மா வந்தா, நான் இன்னா துரத்தியா வுடப்போறேன்?"

மறுநாள் விறகுக்குக் காசு எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். தினமும் நடந்த அந்தச் சந்து, அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு நீளமாய்த் தெரிந்தது.