தொட்டிக்குள் மாமனார்

"தொட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது. போனால் நானும் கூடவே போய்விடுவேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து ஒராஸ்பெக் சபதம் எடுத்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான்.

அல்மா-அத்தாவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் அவர் வீடு. பெரிய அறையின் கோடியில், வருகிறவர்களிலேயே பெரிய மனிதரை உட்கார வைக்கிற இடத்தில், நூறு லிட்டர் மீன் தொட்டி இருந்தது. மகள் ஆய்னாஷின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. அவள் இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி கரகண்டாவுக்குப் போய்விட்டாள். புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள், தையல் மெஷினைக்கூட எடுத்துக்கொண்டு போனாள். மீன்கள் மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டன.

அன்றிலிருந்து ஒராஸ்பெக் தொட்டியில் கை வைக்கவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்காருவார், பெருமூச்சு விடுவார், தேநீர் கேட்பார். பாசி சுரண்டுவதும் தண்ணீர் மாற்றுவதும் மனைவி குல்ஸிபாவின் தலையில் விழுந்தன. இரண்டு மாதத்துக்கு முன் அவளும் கையை உதறிவிட்டாள். தொட்டி கீரைக் கடைசல் போல ஆனது. உள்ளே மீன் இருக்கிறதா என்பது ஒரு நம்பிக்கையாகத்தான் இருந்தது.

கேட்டால் துக்கம் என்பார் ஒராஸ்பெக். சோம்பேறித்தனம் என்பாள் குல்ஸிபா. என்னைக் கேட்டால் இரண்டும் சரிபாதி.

வெள்ளிக்கிழமைதான் வெடி வெடித்தது. தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றி அவர் முன்னால் வைத்தாள் குல்ஸிபா. எங்கள் வீடுகளில் மரியாதை உள்ளவருக்குக் கிண்ணத்தில் அரைவாசிதான் ஊற்றுவார்கள். இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கீழ் வீட்டு எம்மாக்கா வர்றாங்க. தொட்டியத் தூக்கிட்டுப் போறாங்க" என்றாள்.

"எந்தத் தொட்டி?"

"இந்த வீட்ல எத்தனை தொட்டி இருக்கு? அந்த இடத்துல பீங்கான் அலமாரி வைக்கப் போறேன்."

"அது ஆய்னாஷோட தொட்டி!"

"அப்ப ஆய்னாஷ் வந்து கழுவட்டும். இல்ல, ஆய்னாஷோட அப்பா கழுவட்டும்."

ஆய்னாஷின் அப்பா தேநீரைக் குடித்தார். அது நாக்கைச் சுட்டது.

அவருக்குத் தொட்டி என்றால் மீன் இல்லை; அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு நாள் முன்பே குழாய்த் தண்ணீரை மூன்று லிட்டர் ஜாடிகளில் பிடித்து, மருந்து வாடை போகப் பால்கனியில் திறந்து வைப்பார்கள். ஞாயிறு காலை ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் ஆய்னாஷ் பிடித்துக்கொள்வாள். மறு நுனியை வாயில் வைத்து அவர் உறிஞ்சுவார். தண்ணீர் வந்ததும் குழாயைச் சட்டென்று வாளிக்குள் விட வேண்டும். ஒரு தடவைகூட அவர் சட்டென்று விட்டதில்லை. ஒரு வாய் மீன் தண்ணீர் உள்ளே போய்விடும். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ஆய்னாஷ் விக்கி விக்கிச் சிரிப்பாள். "அப்பா, மூணுல ஒரு பங்குதான் மாத்தணும்! பழைய தண்ணி இருந்தாத்தான் அதுங்களுக்கு இது நம்ம வீடுன்னு தெரியும்!" என்று எட்டு வயதில் அவருக்கே பாடம் நடத்துவாள். அந்தச் சிரிப்பு இல்லாமல் அந்தக் குழாயை வாயில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை மனைவியிடம் சொல்லக் கூச்சம். அதனால் இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருந்தார்.

இப்போது சபதத்துக்கு வருவோம். மறுபாதி முகத்தைச் சவரம் செய்யும்போது ஒராஸ்பெக்கின் தலையில் யோசனை ஒன்று பளிச்சென்று உதித்தது. அரைகுறை நுரையோடு வெளியே ஓடி வந்தார். தொட்டியின் கண்ணாடியில் ஒரு மூலையைக் கையால் துடைத்தார். அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே, பதினைந்து வருஷமாக அசையாமல் கிடக்கும் கிழட்டுக் கெளுத்தி தெரிந்தது. இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. யாரையும் மதிக்காத பார்வை.

"குல்ஸிபா! இங்க வா. இந்தக் கெளுத்திக்கு இன்னைக்குப் பேரு வெச்சுட்டேன்."

"என்ன பேரு?"

"தஸ்தெமிர்."

குல்ஸிபாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

தஸ்தெமிர் என்பது ஒராஸ்பெக்கின் காலமான அப்பாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்களில் வழக்கமில்லை. எங்கள் பாஷையில் அந்தப் பெயரில் பாதி கல், பாதி இரும்பு. இருபத்தாறு வருஷமாக குல்ஸிபா அந்த இரண்டு சொற்களையும் தொட்டதில்லை. கல்லுக்கு அவள் வைத்த பெயர் கெட்டிச் சாமான். இரும்புக்கு, துருப்பிடிக்கிறது. ஒருமுறை டாக்டரிடம் போய் வந்து, வயிற்றுக்குள் ஒரு கெட்டிச் சாமான் இருக்கிறதாம் என்று அவள் சொல்ல, சொந்தக்காரர்கள் எல்லாரும் விசேஷம் என்று நினைத்துப் பழங்களோடு வந்துவிட்டார்கள். மாமனாரை அவள் குறிப்பிடுவது 'பெரியவர்' என்றுதான்.

"பாவி மனுஷா! மீனுக்கா பெரியவர் பேரு?"

"மீசையப் பாரு. அந்த உட்கார்ற தோரணையப் பாரு. அப்படியே எங்கப்பா. இப்பச் சொல்லு, பெரியவரைக் கீழ் வீட்டுக்கு அனுப்பிடுவியா?"

குல்ஸிபா குனிந்து பார்த்தாள். கெளுத்தி அவளைப் பார்த்தது. அவள் கை தன்னால் தலைத்துணியைச் சரிசெய்தது.

அதே நேரம் கதவு தட்டப்பட்டது. முதல் மாடி எம்மா கார்லவ்னா ஒரு வாளியோடு நின்றிருந்தாள். ஜெர்மன்காரி, பத்து மணி என்றால் பத்து மணிதான்.

"எங்க தொட்டி? தூக்கலாமா?"

"முடியாது எம்மாக்கா" என்றாள் குல்ஸிபா, குரலைத் தாழ்த்தி. "உள்ள என் மாமனார் இருக்காரு."

"குளிக்கிறாரா?"

"இல்ல, தொட்டிக்குள்ள."

"உன் மாமனார் செத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சேடி! அடக்கத்துக்கு நானே வந்தேனே!"

"இன்னைக்குக் காலையிலதான் திரும்பி வந்தாரு. இவர்தான் கூட்டிட்டு வந்தாரு."

எம்மா கார்லவ்னா தொட்டியைப் பார்த்தாள், நுரை காய்ந்துபோன ஒராஸ்பெக்கைப் பார்த்தாள். "குடியிருக்கிறவரைக் காலி பண்ணச் சொல்ல முடியுமா? நான் வர்றேன்" என்று சொல்லி, வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஒராஸ்பெக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் வெற்றி. தேநீர் கேட்கலாமா என்று யோசித்தார்.

அதற்குள் குல்ஸிபா வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். தொட்டிக்கு முன்னால் ஒரு முழங்காலை மடக்கிப் பணிவாக வணங்கினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு புருஷனிடம் பேசினாள்.

"பெரியவர் இருக்கிற இடம் இப்படியா நாறிக்கிடக்கணும்?"

"அதான் நீ கழுவிடேன்."

"என்னது? நானா?" குல்ஸிபா கன்னத்தில் கை வைத்தாள். "மாமனார் குளிக்கிற தண்ணிக்குள்ள மருமக கையை விடுறதா? அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்ல நான். ஊரு காறித் துப்பும்!"

"அது மீன்தானே..."

"இப்ப மீனுங்கறீங்க. கொஞ்சம் முன்னால அப்பான்னீங்க. எதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க. மீன்னா எம்மாக்கா இன்னும் ரெண்டாவது மாடியக்கூட தாண்டியிருக்க மாட்டாங்க. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! அப்பாதான்!"

"அப்பான்னா அவருக்குச் செய்யறது மகனோட கடமை. இந்தாங்க வாளி."

ஒராஸ்பெக்கிடம் கடைசியாக ஒரு அம்பு இருந்தது. "இன்னைக்கு எப்படி மாத்த முடியும்? ரெண்டு நாள் வெச்ச தண்ணி வேணுமே!"

"பால்கனியில பதினோரு ஜாடி இருக்கு. பாருங்க."

இருந்தன. வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு, தெளிவாக. தூக்கிக் கொடுத்துவிடப் போகிற தொட்டிக்கு எதற்காக குல்ஸிபா வெள்ளிக்கிழமையே தண்ணீர் பிடித்து வைத்தாள் என்று அப்போது அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பழைய பிளேடால் பாசியைச் சுரண்டினார். இடுப்பு வலிக்கவில்லை, வலிக்கும் என்று சொல்லி வைத்ததை அதுவே மறந்துவிட்டது போலும். கூழாங்கல்லைக் கிளறினார். ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு நுனி தொட்டிக்குள். அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு, மறு நுனியை வாயில் வைத்து, கண்ணை மூடி உறிஞ்சினார்.

இரண்டு மாதத்துப் பச்சைத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனது.

"உவ்வே!"

பின்னால் விக்கி விக்கி ஒரு சிரிப்பு கேட்டது. ஒராஸ்பெக் விறைத்துப் போனார். ஆய்னாஷ்! திரும்பினால் குல்ஸிபா, தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றிருந்தாள். மகளின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாக அவர் யோசித்ததே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"தள்ளுங்க, குழாயை நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

"பெரியவர் தண்ணியாச்சே?"

"நான் குழாயைத்தானே தொடறேன். மூணுல ஒரு பங்குதான், ஞாபகம் இருக்கட்டும். உங்க பொண்ணு சொல்லிட்டுத்தான் போயிருக்கா."

தண்ணீர் வாளியில் சளசளவென்று விழுந்தது. வீட்டில் இன்று ஒரு பெயர் உரக்கச் சொல்லப்பட்டது என்று ஒராஸ்பெக் நினைத்துக்கொண்டார். அப்பா போன பிறகு அந்தப் பெயரை அவரும் சொன்னதில்லை, யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. அப்பா இருந்தால் இந்தக் கூத்துக்குக் காதைத் திருகியிருப்பார். காது திருகப்படுவதற்கு ஏங்குகிற வயது அவருக்கு வந்துவிட்டிருந்தது.

ஜாடித் தண்ணீரைப் பைய ஊற்றியதும் தொட்டி பளபளத்தது. கெளுத்தி மீசையை ஆட்டியது. சமையலறையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. போனவரின் பெயரை எடுத்தால், அவர் ஆத்மாவுக்காக ஏழு ரொட்டி சுட்டு அக்கம்பக்கம் கொடுக்க வேண்டும். குல்ஸிபா சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இதைச் சூட்டோட எம்மாக்காவுக்குக் கொடுத்துட்டு வாங்க. அவங்க வாளியையும் கொடுத்துடுங்க."

ஒராஸ்பெக் தட்டோடும் வாளியோடும் படி இறங்கினார். கதவைத் திறந்த எம்மா கார்லவ்னாவின் காலைச் சுற்றி இரண்டு கொழுத்த பூனைகள் நின்று, அவர் சட்டையில் அடித்த மீன் வாடையை ஆசையோடு முகர்ந்தன.

ஒராஸ்பெக் பூனைகளைப் பார்த்தார். "அக்கா... ரெண்டு பூனைய வெச்சுக்கிட்டா எங்க தொட்டியக் கேட்டீங்க?"

"எனக்கு எதுக்குத் தொட்டி? பத்து மணிக்கு வாளியோட வந்து நில்லுங்க, மத்ததை அவரே பார்த்துப்பாருன்னு உன் பொண்டாட்டிதான் சொன்னா." எம்மா கார்லவ்னா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆனா பன்னண்டுக்கே தொட்டியக் கழுவி முடிச்சிடுவாருன்னு சொன்னாளே! ஏன் தம்பி, மணி ஒன்னாயிடுச்சு?"