நாயாகத் தேர்ச்சி பெற்றவள்

சிறு பிராணிகள் மருத்துவமனையில், கால்நடை மருத்துவம் படிக்கும் கடைசி வருட மாணவர்களுக்குக் கைப்பயிற்சி அளிக்க வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. நல்ல ஆணைதான். அதே வாரம் இன்னொரு மேலிடமும் ஓர் ஆணை போட்டது: கைப்பயிற்சி பெறாத எந்த மாணவரும் எந்தப் பிராணியையும் தொடக் கூடாது.

இரண்டையும் படித்த கல்லூரி முதல்வர் கலங்கவில்லை. அனுபவசாலி. மாணவர்களே முறை வைத்துக்கொண்டு பிராணிகளாக இருக்கட்டும் என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வகுப்பிலேயே உயரமான பெண்ணை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்தை உத்தேசித்து அவளைப் பெரிய நாயாக நியமித்தார்கள். இரும்பு மேஜைமேல் நாலு காலில் நின்றாள். ஒருத்தி நாடி பார்த்தாள். ஒருவன் காதுக்குள் டார்ச் அடித்தான். வாலுக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கட்டம் வந்தபோது மட்டும் பயிற்சியாளர் லேசாக இருமி, அதை ஏட்டளவில் கற்றால் போதும் என்றார். தையலைக் கடித்துவிடக் கூடாதென்று நாய்களுக்கு மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு அவள் கழுத்திலும் ஏறியது. தையல் எங்கே என்று அவள் கேட்டதற்கு, நாய் கேள்வி கேட்காது என்று பதில் வந்தது.

நெட்டைக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் நாயைப் பற்றியே படித்தவள், ஒரு நாயைக்கூடத் தொட்டதில்லை.

அப்போதுதான் ஒரு பெண்மணி தன் நாயை வாரியெடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மகனுடைய காலுறையை விழுங்கிவிட்டதாம். தொண்டையில் சிக்கி, நாக்கு நீலம் பாரித்திருந்தது. தொடத் தகுதியுள்ள ஒரே டாக்டர், கைப்பயிற்சியின் அவசியம் பற்றி வெளியூரில் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். மாணவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிகுந்த அனுதாபத்தோடு சுற்றி நின்றார்கள். பயிற்சியாளர் அந்தப் பெண்மணிக்கு ஆணையை விளக்கத் தொடங்கினார்.

நெட்டை மேஜையிலிருந்து குதித்தாள். கூம்பைக் கழற்றி வீசினாள்.

"நீ தொடக் கூடாதும்மா," என்றார் பயிற்சியாளர்.

"மாணவர்தானே சார் தொடக் கூடாது? இன்னிக்கு நான் நாய்."

அவர் யோசித்துப் பார்த்தார். குற்றம் காண இடமில்லை.

பெண்மணியைத் தாடையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நெட்டை விரலை உள்ளே விட்டு மெல்ல இழுத்தாள். எச்சில் சொட்டச் சொட்டக் காலுறை வெளியே வந்தது. நாய் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு கனமான, சூடான தலையை அவள் மடியில் சாய்த்தது.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சம்பவத்தன்று சிகிச்சை அளித்தது நாயே என்பதும், சிகிச்சை வெற்றி பெற்றது என்பதும் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாவதால், இனி நாயாகத் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டுமே நாயைத் தொடலாம் என்று குழு பரிந்துரைத்தது. மேலிடங்கள் இரண்டும் முதல்முறையாக ஒத்துப்போயின.

ஊர் சும்மா இருக்குமா? தெருவுக்குத் தெரு குரைப்புப் பயிற்சி நிலையம் முளைத்தது. வாலாட்டுவதற்குத் தனி வகுப்பு நடந்தது. சொற்பொழிவு முடித்துத் திரும்பிய டாக்டர் நாய்த் தேர்வில் தோற்று, ஆமையாக மட்டும் தேறினார். அவரிடம் ஆமைகளை அனுப்பினார்கள்.

பட்டமளிப்பு விழா முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நெட்டை அந்த நாய் பிழைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். சித்தி இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, ஒரு தடவை குரைச்சுக் காட்டு கண்ணு."

நெட்டை அப்பாவைப் பார்த்தாள். அவர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் குரைத்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தி காதோரம் குனிந்தாள்.

"எதிர் வீட்டுப் பையனுக்கு வெறும் பூனைதான் கிடைச்சுதாம்."