லிங்குக்கு லிங்கு

"கிறிஸ்துமஸுக்குள்ள கூகுள்ல பன்னீர் திராட்சைன்னு அடிச்சா, மொத ஆளா நான் வந்து நிக்கலேன்னா என் பேரு பீட்டர்ராஜ் இல்ல" என்று 2008 செப்டம்பரில் ஒரு நாள் சபதம் போட்டேன். என் பெண்டாட்டி எஸ்தர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரை மாத்துனா ரேஷன் கார்டுலயும் மாத்தணும், அலைச்சலுங்க. வேற ஏதாச்சும் பந்தயம் வைங்க."

"நீயே சொல்லு."

"ஜன்னலோர மூலை."

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கீழேதான் என் கம்ப்யூட்டர் கொலு வீற்றிருந்தது. வயிறு பெருத்த மானிட்டர். அதற்கு எஸ்தர் பூ வேலை செய்து தைத்துக் கொடுத்த உறை. கீபோர்டுக்குத் தனி உறை. மவுஸுக்குக்கூட ஒரு குட்டிக் குல்லாய். இதையெல்லாம் தைத்த அவளுடைய மெஷினோ பின்னறையில், என் கடை உரச்சாக்குகளுக்கு நடுவே இருட்டில் கிடந்தது. அந்த வருஷம் கரண்ட் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வந்தால்தான் தெருவே கூடிப் பேசும். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் என் கம்ப்யூட்டர் வீட்டிலேயே வெளிச்சமான இடத்தில் சும்மா உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கும். கரண்டே வேண்டாத அவளுடைய கால்மிதி மெஷின் இருட்டில் கிடக்கும். நியாயம் அவள் பக்கம். ஆனால் மூலை என் பக்கம்.

"சரி. நான் முதல்ல வந்தா மூலையைப் பத்தி நீ ஆயுசுக்கும் பேசக்கூடாது."

"வரலேன்னா அன்னைக்கே மெஷின் இங்கன வந்துரும்."

கை அடித்தோம். அவள் கையில் முருங்கைக்கீரை ஒட்டியிருந்தது.

என் வலைப்பூவின் பெயர் 'பந்தல் நிழல்'. எனக்கு உரக்கடை, பிறந்த ஊர் ராயப்பன்பட்டி, உடம்பில் ஓடுவது பாதி ரத்தம், பாதி பன்னீர் திராட்சை. கொடியை எப்போது வெட்டிக் கவாத்து செய்வது, இலை கருகினால் என்ன அடிப்பது, பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்தே நடந்த என் சித்தப்பா கோயிலில்கூடக் குனிந்தபடி வந்து பக்திமான் என்று பேர் வாங்கியது, எல்லாம் அதில் எழுதுவேன். எழுதுவேன் என்றால் வாயால் சொல்வேன். அடிப்பது எஸ்தர். அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். நான் ஒற்றை விரலால் ஒரு பத்தி அடித்து முடிப்பதற்குள் கொடி ஒரு தரம் காய்த்து ஓய்ந்துவிடும். நடுநடுவே, "இதைத்தான் மேலயே சொல்லிட்டீகளே" என்று என் வரிகளுக்கும் கவாத்து நடக்கும்.

அது ஒரு காலம். பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களை எண்ணும் கவுன்ட்டர் ஒன்று ஓடும். கடைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், சாப்பிட வந்தால் ஒரு தரம் அதைப் பார்ப்பேன். பாதி எண் நானே பார்த்துப் பார்த்து ஏறியது. தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருக்கும். சேலத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் 'அருமை, தொடருங்கள்' என்று பின்னூட்டம் போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு எஸ்தரிடம் இரண்டாவது காப்பி கேட்கும் தைரியம் வந்துவிடும். இப்போது பேரன் பேத்திகள் போட்டோவுக்கு வந்து குவிகிற லைக்குகளில் அந்த ருசி இல்லை. அந்த நாட்களுக்காக நான் இன்னும் ஏங்குகிறேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் கூகுளில் தேடினால் நான் ஐந்தாம் பக்கத்தில் கிடந்தேன். ஐந்தாம் பக்கத்துக்கு வழி தவறியவர்கள்தான் வருவார்கள். அப்போதுதான் கோயம்புத்தூர் வலைப்பதிவர் ஒருவர் மெயில் அனுப்பினார். என் பெயரை உங்கள் பக்கத்து ஓரத்தில் போடுங்கள், உங்கள் பெயரை நான் போடுகிறேன், நிறையப் பேர் நம்மைக் கைகாட்டினால் கூகுள் நம்மைப் பெரிய ஆள் என்று நம்பி மேலே தூக்கும் என்று எழுதியிருந்தார். லிங்குக்கு லிங்கு.

இதை நான் எஸ்தருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு நசீமா நோன்புக் கஞ்சி நிறைந்த தூக்குவாளியோடு வந்தாள். எஸ்தர் கஞ்சியை மாற்றிவிட்டு, வாளியைக் கழுவி, அதில் அதிரசம் போட்டுக் கொடுத்தாள். எங்கள் தெருவில் வந்த பாத்திரம் வெறுமனே திரும்பிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போகும்.

எனக்குப் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "பாத்தியா எஸ்தரு, இதேதான். அவுக குடுத்தாக, நீ குடுக்குற. ரெண்டு வீட்டுக்கும் மரியாதை ஏறுது."

எஸ்தர் கரண்டியோடு நின்று யோசித்தாள்.

"யாரு லிங்கு குடுத்தாலும் வாங்கிக்கிருவீகளா?"

"வீடு தேடி வந்ததை வேணாம்னு சொல்ற பழக்கம் நம்மகிட்ட உண்டா?"

"இல்லதான்."

அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் கடையிலிருந்து வந்தபோது அவளே ஆரம்பித்தாள். "நீங்க சொன்னது சரிங்க. குடுக்கிறதுன்னு ஆயிருச்சு, தாராளமா குடுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அப்புறம் பாருங்கள், ஊர்ப்பட்ட ஆட்கள். சினிமாக் கிசுகிசுக்காரர், எண் ஜோசியக்காரர், பங்குச் சந்தையில் பணக்காரராவது எப்படி என்று பழைய சைக்கிளில் போய்க்கொண்டே எழுதுகிறவர். எல்லார் பெயரும் என் பக்கத்து ஓரத்தில் தொங்கின. கொஞ்ச நாளில் வெளிநாட்டு ஆட்களும் வந்தார்கள். ஒருவன் சீட்டாட்டம். இன்னொருவன் இங்கிலீஷில் ஏதோ மாத்திரை. எனக்கே கொஞ்சம் உதைத்தது.

"எஸ்தரு, இவன் யாருன்னே தெரியலையே."

"அவுக நம்மளை மதிச்சு கேக்குறாக. வெறுங்கையோட அனுப்புனா என்ன நெனைப்பாக?"

"ஆரோக்கியம் சம்பந்தமா ஏதோ விக்கிறான் போல."

"நல்லதுதானே. மருந்துகள்னு தமிழ்ல போட்டுர்றேன், படிக்கிறவுகளுக்குப் புரியும்." நான் வாயைத் திறப்பதற்குள் அடித்து முடித்துவிட்டாள்.

ஐந்தாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கம் வந்தேன். நவம்பரில் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அதுவும் மேலிருந்து இரண்டாவது. தெருவில் நடக்கும்போது காலுக்கும் மண்ணுக்கும் இடைவெளி இருந்தது. எஸ்தரிடம் ஜன்னலைக் காட்டி, "இதுக்கு ஒரு நல்ல திரைச்சீலை தச்சுரு. வெயில் மானிட்டர்ல படுது" என்றேன்.

"கிறிஸ்துமஸ் கழியட்டுங்க. சேத்துத் தைக்கிறேன்" என்றாள். என்ன பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் பால்பாண்டி கடைக்கு வந்தான். ராயப்பன்பட்டியில் பந்தல் போட்டிருக்கிறவன். பஸ் பிடித்து வந்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் வலைப்பூவைப் படிக்கிற ஒரே விவசாயி. எனக்கு அவன் ஆயிரம் வாசகருக்குச் சமம். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, உங்க பக்கத்துல மருந்துகள்னு போட்டிருந்துச்சு."

"ஆமா."

"கொடிக்கு அடிக்கிறதாக்கும்னு அமுக்குனேன்."

"சரி."

"கொடிக்கு இல்லண்ணே."

"பின்ன யாருக்கு?"

சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆம்பளைக்குண்ணே. படத்தோட போட்டிருக்கான். மூடுனா இன்னொண்ணு தொறக்குது, அதை மூடுனா ரெண்டு தொறக்குது. பக்கத்து சீட்டுல நம்ம கோயில் உபதேசியார் உக்காந்திருந்தாக. எட்டிப் பாத்துட்டு நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாக. நான் அங்கன மறுபடி எப்படிண்ணே போவேன்?"

கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கரண்ட் இல்லை. வந்ததும் அந்த மாத்திரைக்காரனை ஓரத்திலிருந்து தூக்கினேன். அதோடு ஒரு தரம் பன்னீர் திராட்சை என்று தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நான் இல்லை. ஐந்தாம் பக்கத்திலும் இல்லை. பக்கம் பக்கமாகப் போனேன், திராட்சை முடிந்து திராட்சை ரசம் முடிந்து முந்திரி வரைக்கும் போய்விட்டது. 'பந்தல் நிழல்' என்று பெயரையே அடித்தேன். யாரோ கல்யாணப் பந்தல்காரர் வந்தார். மூலை போகிறதே என்பதுகூட அப்புறம்தான். வருஷக்கணக்காக நானும் அவளுமாக உட்கார்ந்து எழுதியதை இனி யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எஸ்தரின் அண்ணன் சுந்தர்ராஜ் பெங்களூரிலிருந்து வந்தார். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பூசை முடிந்து, கறிக்குழம்பும் இட்லியும் முடிந்து, மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எஸ்தர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பந்தயத்துக்கு அவர்தான் நடுவர்.

தேடினார். நான் இல்லை.

"மாப்பிள்ளை, லிங்குக்கு லிங்கு மாத்திக்கிட்டீகளா?"

"கொஞ்சமா."

ஓரத்தில் தொங்கிய வரிசையை அவர் உருட்ட ஆரம்பித்தார். உருட்டிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

"நீங்க திராட்சை எழுதுற ஆளு. சீட்டாட்டக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கூகுள் பாக்காதா? பேசி வச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டா அது கண்டுபிடிச்சிரும். அவனுகளை வெளிய தள்ளும்போது, கூட நின்ன உங்களையும் சேத்துத் தள்ளிருச்சு."

"இது எனக்கு யாரு மச்சான் சொன்னா?"

"எஸ்தர் சொல்லலையா? நோன்பு சமயத்துலயே கம்ப்யூட்டர் சாட்டிங்ல கேட்டாளே. கொஞ்ச நாள் மேல தூக்கும், அப்புறம் குப்புறத் தள்ளும்னு தெளிவா சொன்னேனே."

நான் மெதுவாகத் திரும்பினேன். எஸ்தர் மானிட்டர் உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா தாராளமா குடுங்கன்னு சொன்ன?"

"எனக்கு மூலை வேணும்லங்க."

"நசீமா வாளியும் லிங்கும் ஒண்ணுன்னு..."

"அதை நீங்க சொன்னீக. நசீமா கைப்பக்குவம் எனக்குத் தெரியும், வாங்குறேன். ஊர் பேர் தெரியாதவன் வாளியில எதை ஊத்திக் குடுத்தாலும் குடிச்சிருவேனா?"

அன்று மத்தியானமே மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மானிட்டரைப் பின்னறைக்குத் தூக்கிப் போனோம். யூரியா மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. ஜன்னலடியில் மெஷின் வந்து உட்கார்ந்தது. வெயில் அவள் மடியில் விழுந்தது. சொல்லக் கூடாது, அவள் அங்கே உட்கார்ந்து தைப்பது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனாலும் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எஸ்தர் பின்னறைக்கு வந்தாள். "தள்ளி உக்காருங்க" என்றாள். ஓரத்தில் தொங்கிய லிங்கு ஒன்று விடாமல் வெட்டி எறிந்தாள். தெரியாமல் செய்துவிட்டோம், இனி செய்ய மாட்டோம் என்று கூகுளுக்கு ஒரு விண்ணப்பமும் இங்கிலீஷில் அடித்து அனுப்பினாள். தெரியாமல் என்று அடிக்கும்போது என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கோடையில் 'பந்தல் நிழல்' திரும்பி வந்தது. முதல் பக்கம். யார் தயவும் இல்லாமல், எழுதியதற்காக வந்தது. பால்பாண்டிகூட வெட்கத்தை விட்டுப் பின்னூட்டம் போட்டான். நான் கண் கலங்கி என் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகத் துடைத்த ஓரத்தில் ஒரே ஒரு லிங்கு மட்டும் இருந்தது. எஸ்தர் தையலகம்.

அமுக்கினேன். அவளுடைய சொந்த வலைப்பூ. ஜாக்கெட் கழுத்து வகை, கை வகை, எல்லாம் போட்டோவோடு. தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் வரிசையில் நின்று பின்னூட்டம் போட்டிருந்தார்கள். என் கவுன்ட்டரைவிட அவள் கவுன்ட்டர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் பெயரைத் தேடினேன். இல்லை.

ஜன்னலோரம் போய் நின்றேன். "எஸ்தரு, உன் லிங்கை என் பக்கத்துல போட்டிருக்க. என் லிங்கை உன் பக்கத்துல காணமே."

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"பதிலுக்குப் பதில் போட்டா ரெண்டு பேரையும் கூகுள்ல தூக்கி எறிஞ்சிருவாகளாம்ங்க."